சரித்திரக் கதைகளின் சுதந்திர நாயகியர்

சரித்திரக் கதை என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவன எவை? கோட்டை கொத்தளங்கள், குதிரைக் குளம்பொலி, இருண்ட சுரங்க வழி, நள்ளிரவில் கைமாறும் ஓலை, வாளோடு வாள் மோதும் ஓசை ஆகியவைதாம். ஆயினும், கதையைப் படித்து முடித்துப் பல ஆண்டுகள் கழிந்தபின் நம் நினைவில் எஞ்சி நிற்பவை எவை என்று எண்ணிப் பார்த்தால், வேறோர் உண்மை புலனாகும். எந்தப் போரில் எவர் வென்றார் என்பது மறந்து போயிருக்கும். சுரங்கம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதும் மறந்து போயிருக்கும். மறவாமல் நிற்பவர்கள் சில பெண்கள். குந்தவை நிற்கிறாள், நந்தினி நிற்கிறாள், நள்ளிரவில் தன்னந்தனியே படகு செலுத்தும் பூங்குழலி நிற்கிறாள், பகைவரின் நகரத்தில் சபதம் செய்துவிட்டு அங்கேயே தங்கிவிடும் சிவகாமி நிற்கிறாள். இவர்கள் நம் மனத்தைக் கவர்ந்த காரணம் யாது? அந்தக் கவர்ச்சியினால் நாம் பெற்றது என்ன? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

இவ்வினாக்களைப் பெங்களூரில் இருந்துகொண்டு எழுப்புவதில் ஒரு தனிப் பொருத்தம் உண்டு. இருப்புப்பாதை நிலையத்தை அடுத்த ஒக்கலிபுரத்திலும், கிழக்கே அல்சூரிலும், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. ஆலை வேலைக்கும் இருப்புப்பாதை வேலைக்கும் வந்து இந்நகரில் தங்கிவிட்டவர்களின் வழித்தோன்றல்கள் நம்மிடையே பலர். பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் தோன்றியது 1950ஆம் ஆண்டில். அதே ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், சென்னையிலிருந்து வெளிவந்த ‘கல்கி’ வார இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியது. 1954 மே மாதம் வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள், அது வாரந்தோறும் வந்துகொண்டிருந்தது. பிறந்த மண்ணை விட்டு வேற்று மொழி நாட்டில் வாழ்வோருக்கு, காவிரியும் வீரநாராயண ஏரியும் பழையாறையும் ஒவ்வொரு வாரமும் வீட்டு வாயிலுக்கே வந்து சேர்ந்தன என்று கூறலாம்.

அன்றைய நிலையில் எத்தனை பெண்கள் அக்கதையைத் தாமே படித்திருக்க முடியும்? 1951ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, இந்தியாவில் எழுத்தறிவு பெற்ற பெண்கள் நூற்றுக்கு 9 பேருக்கும் குறைவு. ஆகவே வீட்டில் எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பதே பல இல்லங்களில் வழக்கமாயிற்று. வாரந்தோறும் வந்த பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்துத் தைத்து, அட்டை கட்டிப் பாதுகாத்து வைப்பதும் அக்காலத்து வழக்கமே. அவ்வாறு கட்டி வைக்கப்பட்ட தொகுதிகள் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டிற்குக் கைமாறின. தாயிடமிருந்து மகளுக்கும் சென்றன. பள்ளிக்கூடம் சென்றறியாத பெண்களும் குந்தவையின் அரசியல் சூழ்ச்சித் திறத்தைக் காதால் கேட்டு வியந்தனர். இதை மனத்தில் இருத்திக்கொண்டு நாம் மேலே செல்வோம்.

தமிழ் நாவலில் தன்மனமுடைய நாயகி திடீரென்று தோன்றியவள் அல்லள். 1879ஆம் ஆண்டில் வெளிவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதல் நாவலாகப் போற்றப்படுகிறது. அதன் நாயகி ஞானாம்பாள் கல்வியிலும் அறிவிலும் தன் கணவனை மிஞ்சியவள். கதையின் ஒரு கட்டத்தில் அவள் ஒரு நாட்டிற்கே அரசனாகி நீதி செலுத்துகிறாள். ஆனால் எவ்வாறு? ஆண் வேடம் பூண்டு! பெண் ஒருத்தி அறிவுடன் அரசு செலுத்துவதைக் காட்ட விரும்பிய ஆசிரியர், அவளுக்கு ஆணின் உடையை அணிவிக்க வேண்டியவர் ஆனார். பெண் கல்விக்காக நூல் இயற்றிய பெருமகனார் அவர். அவர் மனத்தில் குறையில்லை; அக்காலத்து வாசகர் மனம் அதற்கு மேல் இடம் கொடுக்காது என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே நாம் கொள்ள வேண்டும்.

அடுத்து, 1895ஆம் ஆண்டில் தி. த. சரவணமுத்துப் பிள்ளை இயற்றிய ‘மோகனாங்கி’ வெளிவந்தது. ஆசிரியர் இலங்கையின் திருகோணமலையைச் சேர்ந்தவர். தமிழின் முதல் சரித்திர நாவல் இதுவே என்பர். மதுரையை ஆண்ட சொக்கநாத நாயக்கரையும் தஞ்சை நாயக்கர் குலப் பெண்ணையும் பற்றிய கதை இது. வரலாற்றிலோ, தஞ்சை நாயக்கரிடம் மதுரை நாயக்கர் பெண் கேட்டதும், அது மறுக்கப்பட்டதும் பெரும் போரில் முடிந்தன. 1673ஆம் ஆண்டில் தஞ்சைக் கோட்டை வீழும் நிலை வந்தபோது, அந்தப்புரத்துப் பெண்கள் பகைவர் கையில் அகப்படாதவாறு அவர்களை வெடிமருந்துக்கு இரையாக்கும்படி விசயராகவ நாயக்கர் ஆணையிட்டார் என்ற செய்தி வழிவழியாகக் கூறப்பட்டு வருகிறது. அப்பெண்களின் விருப்பம் இன்னதென்று எவரும் கேட்டதாகச் செய்தி இல்லை. வரலாறு கேளாமல் விட்ட அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே சரித்திர நாவல் பிறந்தது என்று கொள்ளலாம். ‘மணம் பேசப்பட்ட அந்தப் பெண் என்ன நினைத்தாள்?’ என்பதே அக்கேள்வி.

ஸ்காட்லாந்தில் சர் வால்ட்டர் ஸ்காட்டு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்துறைக்கு வழி வகுத்தார். வங்காளத்தில் பங்கிம் சந்திரர் 1865ஆம் ஆண்டில் ‘துர்கேச நந்தினி’யையும், 1884ஆம் ஆண்டில் ‘தேவி சௌதுராணி’யையும் தந்தார். பின்னதில், மாமனாரால் வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பெண் ஒருத்தி ஒரு பெருங் கூட்டத்துக்குத் தலைவியாகிறாள். ஆனால் கதை முடிவில் மீண்டும் கணவன் வீட்டுக்கே திரும்பி இல்லறப் பணிகளை மேற்கொள்கிறாள். இந்த முடிவை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நாயகிக்குக் கொடுக்கப்பட்ட சுதந்திரம் இறுதி அத்தியாயத்தில் திரும்பப் பெறப்படுவதை நாம் பின்னும் காண்போம்.

இனிக் கல்கியின் கதைக்கு வருவோம். ரா. கிருஷ்ணமூர்த்தி என்னும் கல்கி 1899ஆம் ஆண்டில் பிறந்து 1954ஆம் ஆண்டில் மறைந்தவர். ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’, ‘பொன்னியின் செல்வன்’ ஆகிய மூன்று சரித்திர நாவல்களைத் தந்தார். மூன்றாவதில் வரும் குந்தவை தேவியை அவர் முற்றிலும் கற்பனையாகப் படைத்துவிடவில்லை. அவளுக்கு அடித்தளமாகக் கல்வெட்டுகள் இருந்தன.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை நாம் சிறிது நோக்குவோம். கோயிலுக்குக் கொடுக்கப்பட்டவற்றைக் கல்லில் வெட்டுமாறு ஆணையிடும் முதலாம் இராசராசன், தான் கொடுத்தவற்றை முதலிலும், தன் தமக்கை கொடுத்தவற்றை அடுத்தும், தன் தேவியர் கொடுத்தவற்றை அதன் பின்னும் வைத்துக் கூறுகிறான். பட்டத்தரசியர் பலர் இருக்க, மன்னனுக்கு அடுத்த இடம் தமக்கைக்கே தரப்பட்டிருக்கிறது. அத்தமக்கை குந்தவைப் பிராட்டியார் தம் தந்தை சுந்தர சோழருக்கும் தாய் வானவன் மாதேவிக்கும் படிமம் எடுப்பித்து அக்கோயிலில் வைத்தார். இன்று தாதாபுரம் என வழங்கும் இராசராசபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணப் பெருமானுக்கும் தனித்தனியே கோயில் எடுத்தார். தந்தையின் பெயரால் தஞ்சையில் ஆதுரசாலை ஒன்று நிறுவி நிலம் அளித்தார். தமக்கென்று பொருள் இருந்து, அப்பொருளைத் தம் விருப்பப்படி கொடுக்க உரிமையும் இருந்தாலன்றி இவற்றைச் செய்ய இயலாது என்பது வெளிப்படை.

அவருடைய கணவர் வல்லவரையர் வந்தியத்தேவரைப் பற்றிப் பெரிய கோயில் கல்வெட்டு நமக்குத் தருவது எவ்வளவு? குந்தவையின் கணவர் என்ற குறிப்பே அங்கு நாம் காண்பது. அக்கோயிலின் கல்வெட்டில் மனைவியின் பெயரைக் கூற வந்த இடத்தில் கணவன் பெயர் வருகிறது. கல்கியோ அப்பெயரை எடுத்துக்கொண்டு, குதிரை மீது ஏற்றி, ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் கொண்டுவந்து நிறுத்தினார். கதையின் நாயகன் அவனே. ஆயினும் அவன் எவருக்காக ஓலை சுமந்து ஓடுகிறான்? குந்தவைக்காக. எவருடைய திட்டத்தை நிறைவேற்ற இலங்கைக்குச் செல்கிறான்? குந்தவையின் திட்டத்தை. வீரச் செயல்கள் அவனுக்கு. அவற்றை ஆராய்ந்து முடிவு செய்யும் அறிவு அவளுக்கு. இவ்வாறு பணியைப் பகிர்ந்து கொடுத்ததே அந்நாவலின் புதுமை ஆகும்.

குந்தவை எடுக்கும் முடிவுகளில் தலையாயது எது? பிற நாட்டு அரசர்க்கு மாலையிட்டுச் சோழ நாட்டை விட்டுச் செல்லப்போவதில்லை என்பது. பெண் பிறந்தவுடனேயே ‘பிறர் வீட்டுக்குச் செல்ல வேண்டியவள்’ என்று பேசத் தொடங்கும் வீடுகளில் இக்கதை உரக்கப் படிக்கப்பட்டதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பிறந்த நாட்டிலேயே வாழ்வேன், அதன் நன்மை தீமையில் எனக்கும் பங்குண்டு என்று ஓர் அரசகுமாரி கூறும்போது, கேட்டிருந்த பெண்களின் மனம் எவ்வாறு அசைந்திருக்கும்! குந்தவை கத்தி எடுத்துப் போர் செய்யவில்லை. அவள் செய்ததெல்லாம் தன் வாழ்க்கையைப் பற்றிய முடிவைத் தானே எடுத்ததுதான். அதுவே போர் செய்வதினும் அரிய செயலாகப் பலருக்குத் தோன்றிற்று.

கோடிக்கரைப் பூங்குழலி வேறு வகையினள். அவளுக்கு அரண்மனை இல்லை. கல்வெட்டுச் சான்றும் இல்லை. அவள் கல்கியின் கற்பனை. படகும், துடுப்பும், கடலின் திசைகளைப் பற்றிய அறிவுமே அவள் செல்வம். அரசகுமாரனே ஆனாலும் அவள் படகில் ஏறிவிட்டால் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டியவனே. தொழில் அறிந்த பெண்ணுக்குள்ள மதிப்பு இதுவாகும். நெசவாலையிலும் பிற கூடங்களிலும் உழைத்து வீட்டுக்குப் பொருள் ஈட்டிய பெண்களுக்கு, குந்தவையைக் காட்டிலும் இவளே நெருங்கிய உறவினளாகத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை.

ஆனால் கதை முடிவில் நடப்பது என்ன? பூங்குழலி சேந்தன் அமுதனை மணக்கிறாள். அவனோ உத்தம சோழனாகி அரியணை ஏறுகிறான். படகுப் பெண் பட்டத்தரசி ஆகிறாள். கேட்போர்க்கு இது மகிழ்ச்சி தரும் முடிவே. எனினும் கடலை ஆண்டவள் அந்தப்புரத்துள் புகுந்துவிடுகிறாள் என்பதையும் நாம் மறத்தற்கில்லை. மணிமேகலையின் கதியோ இதனினும் துயரமானது. தான் விரும்பியவனைக் காக்கக் கொலைப் பழியையே தன் தலைமேல் ஏற்க முன்வந்த அப்பெண், சித்தம் கலங்கி உயிர் விடுகிறாள். இக்கதையில் தன்னைப் பற்றிய ஒரு முடிவைத் தன் வாயால் உரைத்து, அதைக் காத்தும் நிற்பவள், ஆச்சரியப்படத்தக்க வகையில், அஞ்சி அஞ்சி மூர்ச்சையுற்ற வானதியே. அரியணையில் அமர மாட்டேன் என்று அவள் சபதம் செய்கிறாள். ஆசையினால் இவள் அரசகுமாரனை நாடுகிறாள் என்ற பழிச்சொல்லை அவள் அந்த ஒரு வாக்கியத்தால் வென்றுவிடுகிறாள்.

நந்தினியைப் பற்றிக் கூறாமல் இப்பகுதியை முடிக்க இயலாது. ஆதித்த கரிகாலன் கொலை வரலாற்று நிகழ்ச்சி. இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, அக்கொலையில் தொடர்புற்ற சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரின் சொத்துகள் பறிமுதலானதைக் கூறுகிறது. அதில் நந்தினி இல்லை. அவளைக் கல்கி படைத்தார். குந்தவைக்கு நிகரான அறிவும், அவளைவிடத் துணிவும் நந்தினிக்கு உண்டு. குந்தவைக்கு இருந்து நந்தினிக்கு இல்லாதது ஒன்றே: தன்னை ‘நம்மவள்’ என்று ஏற்றுக்கொள்ளும் குடும்பம். குலம் தெரியாத காரணத்தால் அரண்மனையிலிருந்து விலக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, அறிவைப் பயன்படுத்த வஞ்சம் என்ற ஒரே வழிதான் திறந்திருந்தது. ஒரே திறமை, குலப் பெருமையோடு சேர்ந்தால் இராஜதந்திரம் எனப்படுகிறது. அது இல்லாதபோது சூழ்ச்சி எனப்படுகிறது. நாவலின் ஆழமான உண்மை இதுவே என்று நாம் கருதுகிறோம்.

இத்தகைய நாயகியரைப் படைக்க ஆசிரியர்கள் ஏன் ஆயிரம் ஆண்டு பின்னே செல்ல வேண்டியிருந்தது? இதே கல்கியின் கதையான ‘தியாக பூமி’ 1939ஆம் ஆண்டில் திரைப்படமாக வெளிவந்தது. அதில் கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரி, பின்னர் அவனுடன் வாழ மறுக்கிறாள். அவள் தன் மறுப்பை நீதிமன்றத்தில் நின்று கூற வேண்டியிருந்தது. சமகாலக் கதையில் தன்மனமுடைய பெண் குற்றவாளியைப் போல் நீதிமன்றத்தில் நிற்கிறாள். சரித்திரக் கதையில் அவளே மந்திராலோசனை மண்டபத்தில் நிற்கிறாள். பழங்காலம் என்ற திரைக்குப் பின்னே நடப்பதால், கேட்டிருக்கும் தந்தையும் பாட்டனும் முகம் சுளிப்பதில்லை. ‘அது அரசர் காலத்துக் கதை’ என்று கூறி அவர்கள் அமைதி அடைகின்றனர். மகளோ அமைதி அடைவதில்லை. ‘அரசர் காலத்தில் இயன்றது இப்போது ஏன் இயலவில்லை?’ என்று அவள் எண்ணத் தொடங்குகிறாள். சரித்திர நாவலின் கவர்ச்சிக்கு மூலகாரணம் இந்த எண்ணமே.

அக்காலத்துச் சட்டம் என்ன கூறிற்று என்பதையும் இங்கு நோக்குதல் வேண்டும். மைசூர் சமஸ்தானம் 1933ஆம் ஆண்டிலேயே இந்துப் பெண்களின் சொத்துரிமையை விரிவாக்கிச் சட்டம் இயற்றியது. நாடு முழுவதற்குமான சட்டம் 1937ஆம் ஆண்டில்தான் வந்தது. அதுவும் விதவைகளுக்குக் குறைந்த உரிமையே அளித்தது. ‘பொன்னியின் செல்வன்’ வந்துகொண்டிருந்த ஆண்டுகளில் இந்துச் சட்டத் திருத்தம் பற்றிய வாதம் பாராளுமன்றத்தில் கடுமையாக நடந்துகொண்டிருந்தது. கதை முடிந்த மறு ஆண்டு, 1955இல், இந்துத் திருமணச் சட்டமும், 1956இல் வாரிசுரிமைச் சட்டமும் நிறைவேறின. பரம்பரைக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனுக்கு நிகரான பங்கு தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டிலும், கருநாடகத்தில் 1994ஆம் ஆண்டிலும், நாடு முழுவதும் 2005ஆம் ஆண்டிலும் வந்தது. குந்தவைப் பிராட்டியார் பொன்னும் நிலமும் தம் விருப்பப்படி வழங்கிய காலத்துக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழிந்தன.

ஆனால் குந்தவை அரசகுமாரி. அவர் பெற்றிருந்த உரிமை சோழ நாட்டு உழவர் வீட்டுப் பெண்ணுக்கும் இருந்தது என்று எண்ணிவிடலாகாது. சரித்திர நாவல் நம்மை மயக்கும் இடம் இதுதான். பழங்காலம் பொற்காலம் என்று அது நம்மை நம்பச் செய்கிறது. இம்மயக்கத்தை ‘சிவகாமியின் சபதம்’ கொண்டு தெளியலாம்.

ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமி ஒப்பற்ற ஆடற்கலைச் செல்வி. வாதாபிக்குச் சிறையாகச் செல்லும் அவள், அந்நகரம் எரிக்கப்படும் வரையில் அங்கிருந்து வெளியேறுவதில்லை என்று சபதம் செய்கிறாள். இரகசியமாக வந்து அழைக்கும் மாமல்லனுடனும் செல்ல மறுக்கிறாள். அம்மறுப்பு அவளுடைய சுதந்திரம். அதற்கு அவள் கொடுத்த விலை அவளுடைய இளமையும் காதலும். ஆண்டுகள் பல சென்று அவள் காஞ்சிக்குத் திரும்பும்போது மாமல்லன் பாண்டிய இளவரசியின் கணவனாக இருக்கிறான். இறுதியில் சிவகாமி ஏகாம்பரநாதருக்கே தன்னை உரியவளாக்கிக் கொள்கிறாள்.

இக்கதை 1944 முதல் 1946 வரை வெளிவந்தது. மறு ஆண்டு, 1947இல், கோயிலுக்குப் பெண்களை அர்ப்பணிப்பதைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. கதையில் நாயகியின் இறைவன்பால் கொண்ட அர்ப்பணிப்பைக் கேட்டு வாசகர் கண்ணீர் உகுத்தனர். அதே காலத்தில் அவ்வழியில் வந்த குடும்பத்துப் பெண்கள் இழிவும் வறுமையும் சுமந்து நின்றனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் இங்கு நம் நினைவுக்கு வருகிறார். அம்மரபில் தோன்றிய அவர் 18ஆம் நூற்றாண்டுத் தஞ்சை அரசவைப் புலவர் முத்துப்பழனியின் தெலுங்குக் காவியத்தை 1910ஆம் ஆண்டில் பதிப்பித்தார். ஆபாசம் என்று கூறி அரசாங்கம் அந்நூலைத் தடை செய்தது. தடை நீங்கியது 1947ஆம் ஆண்டில். திருவையாற்றில் தியாகராசர் சமாதிக்குக் கோயில் எழுப்பத் தம் பொருளைச் செலவிட்டவரும் அவரே. கதையில் வரும் ஆடற்செல்வியின் சுதந்திரத்தைப் போற்றுவது எளிது. உயிரோடு நம்மிடையே வாழ்ந்த கலைச்செல்வியின் சுதந்திரத்தை ஒப்புக்கொள்வது அத்துணை எளிதாக இருக்கவில்லை.

கல்கிக்குப் பின் இத்துறையில் பலர் எழுதினர். அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ 1963ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசைப் பெற்றது. அதில் வரும் ரோகிணி ஈழ மன்னன் மகிந்தனின் மகள். தந்தைக்கும் நாட்டுக்கும் செய்ய வேண்டிய கடமை ஒரு புறம், சோழர் பக்கத்து இளங்கோவின்மீது கொண்ட அன்பு மறு புறம் இழுக்க, அவள் படும் வேதனை மறக்கத்தக்கதன்று. வென்றவரின் கதையில் தோற்றவரின் மகளுக்கும் ஒரு மனம் உண்டு என்று காட்டியது அந்நாவலின் சிறப்பு. சாண்டில்யனின் ‘யவன ராணி’யும் ‘கடல் புறா’வும் பல்லாயிரம் வாசகரைக் கவர்ந்தன. அவர் நாயகியர் வாட்போர் அறிந்தவர். அரசியல் பேசுவதில் வல்லவர். ஆனால் அவர்களுடைய அறிவைக் காட்டிலும் அங்க வருணனைக்கே ஆசிரியர் மிகுந்த இடம் அளித்தார். இவர்களைப் படைத்த புகழ்பெற்ற ஆசிரியர்கள் அனைவரும் ஆடவர் என்பதையும் நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

இனி, பெங்களூர்த் தமிழராகிய நாம் மட்டுமே சந்திக்க வேண்டிய ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. சிவகாமி எரிக்கச் சொன்ன வாதாபி எது? இன்றைய கருநாடகத்தின் பாதாமியே அது. 642ஆம் ஆண்டை ஒட்டி நரசிம்மவர்மப் பல்லவன் அதைக் கைப்பற்றினான். அவனது கல்வெட்டு இன்றும் அங்கே பாறையில் உள்ளது. தமிழ்க் கதையில் பகைவனாகத் தோன்றும் இரண்டாம் புலிகேசி, நம் அண்டை வீட்டுக் கன்னடக் குழந்தைகளின் பாடநூலில் பெருவீரன். சிவகாமியின் சபதம் நிறைவேறிய இரவில், அந்நகரத்திலும் பெண்கள் இருந்திருப்பர்; அவர்கள் கையிலும் குழந்தைகள் இருந்திருக்கும். சென்னையில் இருந்து படிப்பவர் இதை எண்ணாமல் கடந்து போகலாம். சுவரின் மறுபுறம் கன்னடக் குரல் கேட்கும் ஒக்கலிபுரத்தில் இருந்து படிப்பவர் அவ்வாறு கடந்து போதல் இயலாது. கடந்து போகவும் கூடாது.

கருநாடக வரலாற்றிலும் தன்மனமுடைய பெண்களுக்குக் குறைவில்லை. 11ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசகுமாரி அக்கா தேவி நாட்டுப் பகுதிகளைத் தாமே ஆண்டதோடு, கோகாக் கோட்டையை முற்றுகையிட்டும் நின்றார் என்பதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. சோழரும் சாளுக்கியரும் இடைவிடாது பொருத காலம் அது. குந்தவை நம் பக்கத்துத் தமக்கை என்றால், அக்கா தேவி எதிர்ப் பக்கத்துத் தமக்கை. ஒய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் 1116ஆம் ஆண்டை ஒட்டித் தலைக்காட்டைச் சோழரிடமிருந்து கைப்பற்றினான். அவனுடைய பட்டத்தரசி சாந்தலை ஆடலும் பாடலும் அறிந்தவர். கணவன் வைணவத்தைப் போற்றிய காலத்திலும் தாம் சமண நெறியை விடாமல் நின்று, சிரவணபெளகுளத்தில் பசதி எழுப்பியவர். அவர் உயிர் நீத்த சிவகங்கை மலை பெங்களூரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை.

இந்தச் சாந்தலையைக் கன்னட நாவலின் நாயகியாக்கியவர்களுள் ஒருவர் கே. வி. அய்யர். பெங்களூரில் உடற்பயிற்சிக் கூடம் நடத்திப் புகழ் பெற்றவர் அவர். பின்னர் 1978ஆம் ஆண்டில் சி. கே. நாகராஜ ராவ் ‘பட்டமகாதேவி சாந்தலாதேவி’ என்னும் பெரிய நாவலை வெளியிட்டார். கன்னட வீடுகளில் சாந்தலைக்காகவும், தமிழ் வீடுகளில் குந்தவைக்காகவும் பெண்கள் ஒரே வகையான ஆவலோடு காத்திருந்தனர். இரு வீட்டாரும் தத்தம் நாயகியைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டிருந்தால், போர்களைப் பற்றிய பூசலைவிட அது எவ்வளவோ பயன் தந்திருக்கும்.

‘பொன்னியின் செல்வன்’ 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாகத் திரைப்படமாக வெளிவந்து, கன்னடம் உள்ளிட்ட பல மொழிகளிலும் காட்டப்பட்டது. நாவலைப் படித்திராத இளையோரும் குந்தவையையும் நந்தினியையும் அறிந்துகொண்டனர். இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் திரையில் கண்டதோடு நின்றுவிடாமல், நூலையும், நூலுக்கு ஆதாரமான கல்லையும் நாடிச் செல்லுதல் நன்று. அதற்கு நாம் தஞ்சைக்கே செல்ல வேண்டும் என்பதில்லை. பெங்களூரின் தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. கோலாரம்மன் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ரைஸ் என்னும் அறிஞர் பெங்களூர் மாவட்டத்துக் கல்வெட்டுகளைத் தொகுத்து 1905ஆம் ஆண்டில் பதிப்பித்த நூலில் கன்னடமும் தமிழும் அடுத்தடுத்து நிற்கின்றன. தொம்மலூர்க் கல்வெட்டு ஒன்றில் கொடை அளித்தவர்களாகக் கணவனும் மனைவியும் சேர்ந்தே குறிக்கப்படுகின்றனர். அம்மனைவி எந்த நாவலிலும் வரவில்லை. அவள் மனத்தில் இருந்தது என்ன என்பதை எழுதுவதற்கு இன்னும் ஒருவர் பிறக்க வேண்டும். அவர் ஒக்கலிபுரத்தில் வளரும் ஒரு பெண்ணாகவும் இருக்கலாம் அல்லவா?

ஆகவே நேயர்களே, சுதந்திர நாயகியரைக் கொண்ட கதைகளை நாம் விரும்பிப் படிப்பதில் குற்றமொன்றுமில்லை, படிக்கத்தான் வேண்டும். ஆனால் படிக்கும்போது மூன்றை மட்டும் நோக்குவோம். கதையின் நடுவில் நாயகிக்குக் கிடைத்த உரிமை முடிவில் அவளிடம் இருக்கிறதா என்பது ஒன்று. அவளுடைய உரிமைக்கு விலை கொடுத்தவர் எவர், அந்த விலையைத் தந்தவள் மற்றொரு பெண்ணா என்பது மற்றொன்று. அவளைப் புகழ்ந்த நாவினால் நம் வீட்டுப் பெண்ணின் விருப்பத்தையும் கேட்கிறோமா என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் விடையை நூலில் தேடலாம். மூன்றாவதன் விடை நம் வீட்டில் இருக்கிறது. பள்ளிப் படிப்பை மேலும் தொடர விரும்பும் மகளிடமும், வேலைக்குச் செல்ல விரும்பும் மருமகளிடமும், மணத்துக்கு இசையாத தங்கையிடமும், ‘உன் எண்ணம் யாது?’ என்று கேட்டு, அவள் கூறும் விடைக்குச் செவி கொடுப்போமாக. பழையாறை அரண்மனையில் இளைய பிராட்டியின் சொல்லுக்கு மன்னரும் செவி சாய்த்ததாகக் கதையில் கேட்டு மகிழ்ந்தவர்கள் நாம்.